ஒரு விமானம், நான்கு எண்கள்: வான்வழித் தடங்களும் கோட்ஷேர் ஒப்பந்தங்களும்

பெரிய விமான நிலையம் ஒன்றின் புறப்பாட்டுப் பலகை முன் ஐந்து நிமிடம் நின்றால் போதும். ஊரும் நேரமும் வாயில் எண்ணும் அசையாமல் இருக்க, விமான எண் மட்டும் சில நொடிகளுக்கு ஒருமுறை மாறிக்கொண்டிருப்பதைக் காணலாம். முதலில் ஒரு நிறுவனத்தின் சின்னம் வரும், அடுத்து வேறொன்று, பிறகு மூன்றாவது, நான்காவது. வாயிலுக்குப் போய்ப் பார்த்தால் அங்கே நிற்பது ஒரே விமானம்தான். நான்கு நிறுவனங்களிடம் நான்கு விலைக்குச் சீட்டு வாங்கியவர்கள் அதில் அடுத்தடுத்த இருக்கைகளில் அமர்வார்கள்.

இந்த ஏற்பாட்டுக்குக் கோட்ஷேர், அதாவது குறியீட்டுப் பகிர்வு என்று பெயர். விமானத்தை உண்மையில் பறக்கவிடும் நிறுவனம் இயக்கும் நிறுவனம் எனப்படும். அந்த விமானத்தில் தன் குறியீட்டையும் எண்ணையும் ஒட்டித் தன் சேவையாகவே விற்கும் நிறுவனம் விற்பனை நிறுவனம் எனப்படும். இதை வெறும் வணிக உத்தியாகவே பலரும் பார்க்கிறார்கள். அந்தப் பார்வை பாதி உண்மைதான். அரசுகள் வானத்தை எப்படிப் பங்கிட்டுக்கொண்டன என்பதைப் பார்க்காமல், இவ்வளவு சுற்றிவளைத்த ஓர் ஏற்பாடு ஏன் தேவைப்பட்டது என்பதைப் புரிந்துகொள்ள முடியாது.

இரண்டாம் உலகப் போர் இன்னும் முடியாத 1944 நவம்பரில், போருக்குப் பிந்தைய விமானப் போக்குவரத்துக்கு விதி வகுக்க ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளின் பிரதிநிதிகள் சிகாகோவில் கூடினார்கள். போக்குவரத்து விமானங்களை ஏராளமாகத் தயாரித்து வைத்திருந்த அமெரிக்கா, எந்த நாட்டு நிறுவனமும் எங்கும் பறக்கலாம் என்ற திறந்த முறையைக் கேட்டது. போரில் களைத்துப்போயிருந்த பிரிட்டன், எவ்வளவு இருக்கைகள், என்ன கட்டணம் என்பதை ஒரு சர்வதேச அமைப்பு முடிவு செய்யட்டும் என்றது. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் இன்னும் ஒரு படி மேலே போய், உலகின் முக்கிய வழித்தடங்களை ஒரு சர்வதேச அமைப்பே சொந்தமாக வைத்து நடத்தலாம் என்று முன்மொழிந்தன. இவற்றில் எதுவும் நிறைவேறவில்லை. 1944 டிசம்பர் 7 அன்று கையெழுத்தான சிகாகோ உடன்படிக்கை பாதுகாப்பு, பதிவு, வழிகாட்டல் ஆகியவற்றில் பொது விதிகளை வகுத்தது. வணிக உரிமைகளைப் பற்றிய பெரிய கேள்வியை மட்டும் அப்படியே விட்டுவிட்டது.

அந்த உடன்படிக்கையின் முதல் பிரிவு, ஒவ்வொரு நாட்டுக்கும் தன் நிலப்பரப்பின் மேலுள்ள வான்வெளியில் முழுமையான, தனிப்பட்ட இறையாண்மை உண்டு என்கிறது. ஆறாவது பிரிவு, அந்த நாட்டின் சிறப்பு அனுமதி இல்லாமல் எந்த அட்டவணைப்படுத்தப்பட்ட சர்வதேச விமானச் சேவையும் அதன் மேலாகவோ அதற்குள்ளோ இயங்கக் கூடாது என்கிறது. கடலில் எந்த நாட்டுக் கப்பலும் போகலாம் என்பது பொது விதி, தடை என்பது விதிவிலக்கு. வானத்தில் இது தலைகீழ்: தடைதான் பொது விதி, அனுமதி என்பது விதிவிலக்கு. இன்று நாம் காணும் எல்லாச் சிக்கல்களும் இந்த ஒரு முடிவிலிருந்து கிளைத்தவை.

அனுமதி தனித்தனியாகத்தான் வாங்க வேண்டும் என்றானபின், அதை எண்ணிப் பேசுவதற்கு ஒரு மொழி தேவைப்பட்டது. ‘வான்வழிச் சுதந்திரங்கள்’ என்ற வரிசை அப்படி உருவானது. தரையிறங்காமல் ஒரு நாட்டின் மேலே பறந்து செல்வது முதல் சுதந்திரம்; எரிபொருள் நிரப்புவது போன்ற காரணங்களுக்காக இறங்கிச் செல்வது இரண்டாவது. தன் நாட்டிலிருந்து பயணிகளை மறு நாட்டுக்குக் கொண்டுபோவது மூன்றாவது, அங்கிருந்து தன் நாட்டுக்குக் கொண்டுவருவது நான்காவது. போகிற வழியில் இரண்டு அயல்நாடுகளுக்கு இடையே பயணிகளை ஏற்றிச் செல்வது ஐந்தாவது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஃபிராங்க்ஃபர்ட்டில் நின்று நியூயார்க் செல்லும் விமானத்தில், ஜெர்மனியில் ஏறி அமெரிக்காவில் இறங்கும் பயணிகளையும் ஏற்றிக்கொள்வது இந்த உரிமையால்தான். ஓர் அயல்நாட்டவரைத் தன் நாட்டுக்குக் கொண்டுவந்து விமானம் மாற்றி இன்னொரு நாட்டுக்கு அனுப்புவது ஆறாவது. துபாயும் தோஹாவும் சிங்கப்பூரும் உலக மையங்களாக வளர்ந்தது இதன் மேல்தான். அயல்நாட்டு நிறுவனம் ஒன்று இன்னொரு நாட்டின் இரு ஊர்களுக்கு இடையே உள்நாட்டுப் பயணிகளை ஏற்றுவது வரிசையின் கடைசியில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் உட்சந்தை போன்ற மிகச் சில இடங்களைத் தவிர, வேறெங்கும் அதை யாரும் எளிதில் தருவதில்லை.

வெறுமனே மேலே பறந்து செல்லும் முதல் சுதந்திரம்கூடப் பேரத்துக்கு உரிய பொருள்தான் என்பதை ரஷ்யா காட்டியது. ஐரோப்பாவிலிருந்து கிழக்காசியாவுக்கான குறுகிய வழி சைபீரியாவின் மேலாகச் செல்கிறது. முதல் இரண்டு சுதந்திரங்களைப் பரஸ்பரம் வழங்கும் பல்தரப்பு உடன்பாட்டில் ரஷ்யா சேரவே இல்லை. அந்த வழிக்காக ஐரோப்பிய நிறுவனங்கள் பல பத்தாண்டுகள் ரஷ்ய விமான நிறுவனமான ஏரோஃப்ளோட்டுக்குக் கட்டணம் செலுத்திவந்தன. 2022 பிப்ரவரி இறுதியில் அந்த வான்வெளி ஐரோப்பிய நிறுவனங்களுக்கு மூடப்பட்டது. ஆசியாவுக்கான குறுகிய வழியையே தன் தொழிலின் அடிப்படையாக வைத்திருந்த, பின்லாந்தின் ஃபின்னேர் போன்ற நிறுவனத்துக்கு, ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோ செல்லும் பயணம் ஒரே நாளில் பல மணி நேரம் நீண்டது.

வணிக உரிமைகள் பெரும்பாலும் இரு நாடுகளுக்கு இடையேயான விமானச் சேவை ஒப்பந்தங்கள் வழியாகவே பரிமாறிக்கொள்ளப்படுகின்றன. 1946இல் அமெரிக்காவும் பிரிட்டனும் பெர்முடாவில் செய்துகொண்ட ஒப்பந்தம் இதற்கு முன்மாதிரி ஆயிற்று. இத்தகைய ஒப்பந்தத்தில் பொதுவாக நான்கு விஷயங்கள் எழுதப்பட்டிருக்கும்: எந்தெந்த ஊர்களுக்கு இடையே பறக்கலாம், ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் எத்தனை நிறுவனங்கள், வாரத்துக்கு எத்தனை சேவைகள் அல்லது எத்தனை இருக்கைகள், கட்டணத்தை யார் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு வழித்தடத்தில் பயணிகள் கூட்டமாக இருந்தும் புதிய விமானம் வராததற்கும், கட்டணம் இறங்காததற்கும் பல நேரங்களில் காரணம் இந்தத் தாள்களில்தான் இருக்கும், நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்தில் அல்ல.

அதற்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு லண்டனின் ஹீத்ரோ. முதல் பெர்முடா ஒப்பந்தம் அமெரிக்காவுக்கே அதிக ஆதாயம் தருகிறது என்று கருதிய பிரிட்டன் அதை முறித்துக்கொள்ள, 1977இல் கடுமையான இரண்டாவது ஒப்பந்தம் வந்தது. அதன்படி ஹீத்ரோவிலிருந்து அமெரிக்காவுக்குப் பறக்க அமெரிக்கத் தரப்பில் இரண்டு நிறுவனங்களுக்குத்தான் இடம். முதலில் அவை பான் ஆம், டி.டபிள்யூ.ஏ. இரண்டுமாக இருந்தன, அவை நலிந்தபின் 1991இல் அந்த இடங்கள் யுனைடெட், அமெரிக்கன் ஆகியவற்றுக்கு மாறின. டெல்டாவும் கான்டினென்டலும் எவ்வளவு பெரிய நிறுவனங்களாக இருந்தாலும் லண்டனின் இன்னொரு விமான நிலையமான கேட்விக்கில்தான் இறங்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்காவும் செய்துகொண்ட திறந்த வான ஒப்பந்தம், அதாவது வழித்தடங்களுக்கும் சேவைகளின் எண்ணிக்கைக்கும் வரம்பு வைக்காத ஒப்பந்தம், 2008 மார்ச் 30 அன்று நடைமுறைக்கு வந்தபோதுதான் இந்த வேலி விழுந்தது. வேலி விழுந்ததும் அடுத்த தட்டுப்பாடு வெளியே தெரிந்தது: ஹீத்ரோவில் தரையிறங்கவும் புறப்படவும் ஒதுக்கப்படும் நேர இடங்களான ஸ்லாட்டுகள் காலியாக இல்லை. கான்டினென்டல் நிறுவனம் நான்கு ஸ்லாட் இணைகளுக்கு (ஓர் இணை என்பது ஒரு தரையிறக்கமும் ஒரு புறப்பாடும்) 209 மில்லியன் டாலர் கொடுத்தது. அரசு ஒரு கதவைத் திறந்துவிட்டாலும், உள்ளே இடம் கிடைப்பது வேறு பேச்சு.

கோட்ஷேர் ஏன் பிறந்தது என்பதற்கான நேரடிக் காரணம் இந்த ஒப்பந்தங்களில் வழக்கமாக இடம்பெறும் இன்னொரு விதியில் இருக்கிறது. ஒரு நாடு தன் உரிமையைப் பயன்படுத்த நியமிக்கும் நிறுவனத்தின் பெரும்பங்கு உடைமையும் உண்மையான கட்டுப்பாடும் அந்த நாட்டவரிடமே இருக்க வேண்டும் என்பது அந்த விதி. நாடுகளின் சொந்தச் சட்டங்களும் இதையே வலியுறுத்துகின்றன. அமெரிக்க நிறுவனம் ஒன்றில் அயல்நாட்டவரின் வாக்குரிமைப் பங்கு 25 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் பாதிக்கு மேற்பட்ட உடைமை ஒன்றியத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். கார் தயாரிக்கும் நிறுவனமோ வங்கியோ எல்லை தாண்டி இன்னொன்றை வாங்கிக்கொள்ளலாம். விமான நிறுவனம் அப்படி வாங்கப்பட்டால் அது பறக்கும் உரிமையையே இழக்கக்கூடும். 2004இல் ஏர் பிரான்ஸும் கே.எல்.எம்மும் ஒரே குழுமமாக இணைந்தபோதுகூட, கே.எல்.எம். டச்சு நிறுவனமாகவே கருதப்பட வேண்டும் என்பதற்காக நெதர்லாந்தில் தனி அறக்கட்டளைகள் அமைத்து வாக்குரிமைகளை அவற்றிடம் ஒப்படைக்க வேண்டியிருந்தது. நெதர்லாந்து பல நாடுகளோடு செய்துகொண்ட ஒப்பந்தங்களின் உரிமைகள் கைநழுவிவிடக் கூடாது என்ற கவலைதான் காரணம்.

வாங்கவும் முடியாது, எல்லா ஊர்களுக்கும் தானே பறக்கவும் முடியாது என்றால், மிஞ்சும் வழி ஒன்றுதான்: மற்றவர் பறக்கும் விமானத்தில் தன் பெயரைப் போட்டுக்கொள்வது. 1992இல் அமெரிக்கா தன் முதல் திறந்த வான ஒப்பந்தத்தை நெதர்லாந்தோடு செய்துகொண்டது. அதை அடுத்து 1993 ஜனவரியில் அமெரிக்காவின் நார்த்வெஸ்டும் நெதர்லாந்தின் கே.எல்.எம்மும் கட்டணத்தையும் அட்டவணையையும் கூடிப் பேசி முடிவுசெய்ய, போட்டிச் சட்டத்திலிருந்து விலக்குப் பெற்றன. அதே பாதையில் 1997இல் ஸ்டார் அலையன்ஸ், 1999இல் ஒன்வேர்ல்ட், 2000இல் ஸ்கைடீம் ஆகிய மூன்று பெருங்கூட்டணிகள் வந்தன. திறந்த வானத்துக்கு ஒப்புக்கொண்டால் உங்கள் நிறுவனத்துக்கு இந்த விலக்குக் கிடைக்கும் என்று அமெரிக்கா தன் சட்டத்தையே பேரப்பொருளாக்கியது. ஒப்பந்தங்கள் வேகமாகப் பெருகியதற்கு அது முக்கியக் காரணம்.

ஒரு கோட்ஷேர் உடன்பாட்டின் உள்ளமைப்பு எல்லா இடத்திலும் ஒன்றல்ல. சில உடன்பாடுகளில் விற்பனை நிறுவனம் குறிப்பிட்ட எண்ணிக்கை இருக்கைகளை முன்கூட்டியே மொத்தமாக வாங்கிக்கொள்ளும். விற்காமல் போனால் நட்டம் அதற்கே. வேறு சிலவற்றில் இரு நிறுவனங்களும் ஒரே இருக்கைக் கையிருப்பிலிருந்து விற்கும். விற்ற சீட்டுக்குத் தரகு மட்டும் கைமாறும். முதல் வகையில் இரண்டு நிறுவனங்களும் ஒரே விமானத்துக்குள்ளேயே ஓரளவு போட்டியிடும். இரண்டாவதில் போட்டி என்பது பெயருக்குத்தான்.

அரசு இதில் கேட்கும் முதல் கேள்வி உரிமை பற்றியது. விமானம் பறக்காத விற்பனை நிறுவனத்துக்கும் அந்த வழித்தடத்தில் உரிமை இருக்க வேண்டுமா? பெரும்பாலான ஒப்பந்தங்கள் ஆம் என்கின்றன. இரு நாட்டு நிறுவனங்களுக்கு இடையிலான பகிர்வு எளிது. மூன்றாம் நாட்டு நிறுவனத்தின் விமானத்தில் தன் குறியீட்டை ஒட்டுவதுதான் கடினம், அதற்குத் தனி விதி எழுதப்பட வேண்டும். வாரத்துக்கு இத்தனை சேவைகள் என்ற வரம்பு இருக்கும் இடத்தில், பகிர்வுச் சேவை யாருடைய கணக்கில் சேரும் என்பதும் பேச்சுவார்த்தை மேசையில் நீண்ட நேரம் எடுக்கும். இயக்கும் நிறுவனத்தின் கணக்கில் மட்டும் சேரும் என்று எழுதினால், விமானமே இல்லாத சிறு நிறுவனம்கூட ஒரு சந்தையில் பெயர் பதிக்கலாம். இருவர் கணக்கிலும் சேரும் என்று எழுதினால் பகிர்வுக்கே பொருளில்லை.

இந்த விதிகள் எவ்வளவு தூரம் நடைமுறையை வளைக்கும் என்பதற்கு ஆஸ்திரேலியா–கத்தார் விவகாரத்தைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. கத்தார் ஏர்வேஸுக்கு சிட்னி, மெல்பர்ன், பிரிஸ்பேன், பெர்த் ஆகிய நான்கு பெருநகரங்களுக்கும் சேர்த்து வாரத்துக்கு 28 சேவைகள்தான் அனுமதி; மற்ற ஊர்களுக்கு வரம்பு இல்லை. எனவே அந்த நிறுவனம் தோஹாவிலிருந்து மெல்பர்ன் வரும் கூடுதல் விமானம் ஒன்றை அடிலெய்டு வரை நீட்டியது. அட்டவணைப்படி அது அடிலெய்டு சேவை, அதனால் வரம்புக்குள் வராது. ஆனால் ஏறக்குறைய எல்லாப் பயணிகளும் மெல்பர்னிலேயே இறங்கிவிடுவார்கள். மெல்பர்னிலிருந்து அடிலெய்டுக்கு உள்நாட்டுப் பயணிகளை ஏற்ற உரிமை இல்லாததால், பெரிய அகல உடல் விமானம் கிட்டத்தட்டக் காலியாகவே அந்த இறுதித் தொலைவைப் பறந்தது. அங்கே எரிந்த எரிபொருளுக்கு ஒரே காரணம் ஒப்பந்தத்தின் ஒரு வரி.

கத்தார் மேலும் 28 சேவைகள் கேட்டிருந்ததை, நாட்டு நலனுக்கு உகந்ததல்ல என்று 2023இல் ஆஸ்திரேலிய அரசு மறுத்தது. ஆஸ்திரேலியாவின் பெரிய விமான நிறுவனமான குவாண்டாஸின் லாபத்தைக் காப்பதற்காகவா இந்த மறுப்பு என்ற கேள்வி எழுந்து, செனட் விசாரணை வரை போனது. 2020இல் தோஹா விமான நிலையத்தில் பெண் பயணிகள் விமானங்களிலிருந்து இறக்கப்பட்டு உடல் சோதனைக்கு உட்படுத்தப்பட்ட கொடுமையும் அந்த முடிவின் பின்னணியில் இருந்ததாக அமைச்சர் கேத்தரின் கிங் சொன்னார். எந்தக் காரணத்துக்கு எவ்வளவு எடை தரப்பட்டது என்பதை அரசு தெளிவாகச் சொல்லவில்லை என்பதே என் குறை. பயணிகளின் கட்டணத்தை உயர்த்தும் ஒரு முடிவுக்கு எழுத்தில் காரணம் கேட்கும் உரிமை மக்களுக்கு இருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கவனிக்கத்தக்கது. கத்தாரின் உரிமை தீர்ந்துபோனாலும், அதே ஒப்பந்தப்படி ஆஸ்திரேலிய நிறுவனங்களுக்கு உரிய சேவைகள் பயன்படுத்தப்படாமல் கிடந்தன. அவற்றை வர்ஜின் ஆஸ்திரேலியா பெற்றுக்கொண்டது. வர்ஜினிடம் அத்தனை தூரம் பறக்கும் விமானங்கள் இல்லை. ஆகவே கத்தார் ஏர்வேஸின் விமானங்களையே விமானிகளோடும் பணியாளர்களோடும் வாடகைக்கு எடுத்து, 2025 ஜூனில் தோஹாவுக்குச் சேவையைத் தொடங்கியது. போட்டி ஆணையம் ஒப்புதல் தந்தது; வர்ஜினின் 25 விழுக்காட்டுப் பங்கைக் கத்தார் வாங்கவும் நிதி அமைச்சர் அனுமதித்தார். மறுக்கப்பட்டதும் வாரத்துக்கு 28 சேவைகள், வந்து சேர்ந்ததும் வாரத்துக்கு 28 சேவைகள். விமானமும் விமானியும் கத்தாருடையவை. உரிமையும் எண்ணும் ஆஸ்திரேலியாவினுடையவை. உரிமை ஒருவரிடம், விமானம் இன்னொருவரிடம் என்று பிரித்துவைக்க முடியும் என்பதே கோட்ஷேரின் உள்ளிருக்கும் சூத்திரம். அதை இவ்வளவு துலக்கமாகக் காட்டும் நிகழ்வு அரிது.

இரண்டாவது கேள்வி பாதுகாப்பு. தன் பெயரில் சீட்டு விற்கும் நிறுவனம், அந்தப் பயணியை ஏற்றிச் செல்லும் கூட்டாளியின் தரத்துக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்ற எண்ணம் விபத்துகளின் வழியாகவே உறுதிப்பட்டது. 1999 ஏப்ரலில் கொரியன் ஏரின் சரக்கு விமானம் ஷாங்காயில் விழுந்தபின் டெல்டாவும் ஏர் பிரான்ஸும் அதனுடனான பகிர்வை நிறுத்திவைத்தன. அடுத்த ஆண்டே, தங்கள் குறியீட்டைச் சுமக்கும் அயல்நாட்டுக் கூட்டாளிகளை அமெரிக்க நிறுவனங்கள் தணிக்கை செய்ய வேண்டும் என்ற ஏற்பாடு வந்தது. இதற்கு மேல், ஒரு நாட்டின் விமானப் பாதுகாப்புக் கண்காணிப்பு சர்வதேசத் தரத்தில் இருக்கிறதா என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் அந்நாட்டையே மதிப்பிடுகிறது. 2021 மே மாதம் மெக்சிகோ, அந்தத் தரத்தை எட்டாத நாடுகளுக்கான இரண்டாம் நிலைக்கு இறக்கப்பட்டதும், ஏரோமெக்சிகோ விமானங்களில் ஒட்டியிருந்த டெல்டாவின் எண்கள் நீக்கப்பட்டன. அதே விமானம், அதே விமானி, அதே நேரம்; எண் மட்டும் இல்லை. 2023 செப்டம்பரில் தரநிலை மீண்டபின்தான் எண்கள் திரும்பின. இறக்கப்பட்ட தரநிலை மெக்சிகோவின் கண்காணிப்பு அமைப்புக்கு உரியது, அந்த நிறுவனத்துக்கு உரியது அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனாலும் இந்த அழுத்தம் வேலை செய்கிறது. அரசுகளை அசைக்கும் வலிமை குறியீட்டுக்கு இருக்கிறது.

போட்டி பற்றிய கேள்வியில் ஒரே பதில் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. ஒரு நிறுவனம் முதல் பகுதியையும் மற்றது அடுத்த பகுதியையும் பறக்கும் இணைப்புப் பயணத்தில், இருவரும் தனித்தனியே லாபம் வைத்து விலை சொல்வதைவிடச் சேர்ந்து ஒரே விலை சொன்னால் கட்டணம் குறைய வாய்ப்புண்டு. ஒரே சீட்டு, ஒரே சாமான் பதிவு என்ற வசதியும் கிடைக்கும். ஆனால் ஒரே இரு ஊர்களுக்கு இடையே இருவருமே பறந்துகொண்டிருந்து, பிறகு கை கோத்துக்கொண்டால், பயணிக்கு இருந்த இரண்டு தெரிவுகள் ஒன்றாகிவிடும். அதனால்தான் பிரிட்டிஷ் ஏர்வேஸ், அமெரிக்கன் ஆகியவற்றின் கூட்டு பல ஆண்டுகள் இழுபட்டது. 2010இல் அமெரிக்கப் போக்குவரத்துத் துறை விலக்கு அளித்தபோது, ஹீத்ரோவில் நான்கு ஸ்லாட் இணைகளைப் போட்டியாளர்களுக்கு விட்டுத்தர வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. இத்தகைய விலக்குகள் ஒருமுறை கொடுக்கப்பட்டபின் மறுபார்வை செய்யப்படுவது அரிது. சந்தை மாறிக்கொண்டே இருக்க, விலக்கு மட்டும் மாறாமல் நிற்பது சரியல்ல. காலவரையறை வைத்தே அளிக்க வேண்டும் என்பது என் கருத்து.

பயணியின் பக்கம் இருந்து பார்த்தால், எல்லாவற்றுக்கும் முன் அவருக்குத் தேவையானது ஓர் எளிய செய்தி: நான் ஏறப்போவது யாருடைய விமானம்? 2004 ஜனவரி 3 அன்று எகிப்தின் ஷார்ம் அல் ஷேக்கிலிருந்து புறப்பட்ட, அந்நாட்டின் ஃபிளாஷ் ஏர்லைன்ஸ் விமானம் செங்கடலில் விழுந்து 148 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் பிரான்ஸ் நாட்டுச் சுற்றுலாப் பயணிகள். அந்த நிறுவனத்தை ஸ்விட்சர்லாந்து ஏற்கெனவே தடை செய்திருந்தது என்பது விபத்துக்குப் பிறகுதான் பரவலாகத் தெரியவந்தது. இயக்கும் நிறுவனம் எது என்பதைப் பயணிக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்ற ஐரோப்பிய ஒழுங்குமுறை 2005இல் வந்தது. தடை செய்யப்பட்ட நிறுவனங்களின் பொதுப் பட்டியலும் அதன் மூலமே உருவானது. அமெரிக்காவில் 2009 பிப்ரவரியில் பஃபலோ அருகே ஒரு விமானம் வீட்டின் மீது விழுந்து 50 பேர் இறந்தார்கள். சீட்டில் இருந்த பெயர் கான்டினென்டல் கனெக்‌ஷன், விமானத்தை இயக்கியதோ கோல்கன் ஏர் என்ற சிறு நிறுவனம். இறந்தவர்களின் குடும்பங்கள் விடாமல் வாதாடியதன் பயனாக வந்த 2010ஆம் ஆண்டுச் சட்டம், இணையத்தில் பயணத்தைத் தேடியதும் வரும் முதல் திரையிலேயே இயக்கும் நிறுவனத்தின் பெயர் எளிதில் கண்ணில் படும்படி இருக்க வேண்டும் என்று கட்டளையிட்டது.

பெயர் தெரிந்தால் மட்டும் போதாது. ஏதேனும் நேர்ந்தால் யாரிடம் போவது என்பதும் தெரிய வேண்டும். 1999ஆம் ஆண்டு மாண்ட்ரியல் உடன்படிக்கை இதற்குத் தெளிவான வழி சொல்கிறது: சீட்டு விற்ற நிறுவனமும் பறக்கவிட்ட நிறுவனமும் இரண்டுமே பயணிக்குப் பொறுப்பு, யார் மீது வேண்டுமானாலும், இருவர் மீதும்கூட, வழக்குத் தொடுக்கலாம். தாமதத்துக்கான நிலையான இழப்பீட்டைத் தரும் ஐரோப்பிய விதி மட்டும் அதை இயக்கும் நிறுவனத்தின் மேல் சுமத்துகிறது. இந்த வேறுபாடு 2019இல் ஐரோப்பிய நீதிமன்றத்தில் சோதிக்கப்பட்டது. பதினொரு பயணிகள் செக் ஏர்லைன்ஸிடம் ஒரே முன்பதிவில் ப்ராகிலிருந்து அபுதாபி வழியாக பாங்காக் செல்லச் சீட்டு எடுத்திருந்தார்கள். செக் நிறுவனம் இயக்கிய முதல் விமானம் அபுதாபிக்கு நேரத்துக்குப் போய்விட்டது. இரண்டாவது விமானத்தைக் கோட்ஷேர் முறையில் எதிஹாட் இயக்கியது. அது 488 நிமிடம் தாமதம். தாமதித்தது நாங்கள் அல்ல என்று செக் நிறுவனம் வாதிட்டது. ஒரே முன்பதிவு என்பதால் முழுப் பயணமும் ஒன்றே, முதல் பகுதியை இயக்கி அந்தப் பயணிகளோடு ஒப்பந்தமும் செய்துகொண்ட நிறுவனமே இழப்பீடு தர வேண்டும் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கொடுத்த பணத்தைக் கூட்டாளியிடமிருந்து திரும்பப் பெறுவது அந்த இரு நிறுவனங்களுக்கும் இடையிலான வழக்கு. அதற்காகப் பயணி காத்திருக்க வேண்டியதில்லை.